பல்லாரோவில் வளரும் நம் பிள்ளைகளுக்காக: பலெர்மோ தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், பெற்றோராகிய தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேலாக இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில், அல்பெர்கெரியா என்ற பழைய வட்டாரத்தில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். போன மாதம் என் பேத்தியின் இத்தாலியப் பள்ளிக்கூடத்தில் 'என் வட்டாரம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளை. நல்லூர்த் தேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அவள் நல்லூரைக் கண்டது தொலைபேசித் திரையில் மட்டும். பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி மூன்றே வரி: சந்தை இருக்கிறது, சத்தமாக இருக்கும், பழைய கோயில்கள் இருக்கின்றன. "ஏனம்மா இவ்வளவுதான்?" என்று கேட்டேன். "அது அவையின்ர கோயில்தானே, அம்மம்மா" என்றாள்.

அந்த 'அவையின்ர', அதாவது 'அவர்களுடைய', என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியவர்களாகிய நாங்கள்தான். வேலைக்குப் போய் வந்த அவசரத்தில், இந்தக் கற்களைத் தலை நிமிர்ந்து பார்க்காமல் வருடக்கணக்காக நடந்திருக்கிறோம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை இந்த வட்டாரத்துக்குள் நடத்திக்கொண்டு போங்கள். பாடத்தைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

இந்த நகரின் காவல் புனிதையான ரொசாலியா அம்மாவை நமக்கெல்லாம் தெரியும். சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பாராமல், அவளுடைய குகை இருக்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலுடன் ஏறி, குகைக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனம் நாங்கள். 1624இல் தூனிஸிலிருந்து வந்த கப்பலோடு கொள்ளைநோய் ஊருக்குள் புகுந்ததும், அந்த வருடமே குகையில் அவளுடைய எலும்புகள் கிடைத்ததும், 1625 யூன் மாதம் அவற்றை வீதி வலமாகக் கொண்டுபோனதும் பல வீடுகளில் சொல்லப்படுகிற கதை. யூலை 14 இரவு தேர் இழுக்கும்போது "விவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா" என்று நம் பிள்ளைகளும்தான் கத்துகிறார்கள்.

ஆனால் அந்தத் தேர் நிற்கிற குவாத்ரோ காந்தியில், அதாவது அந்த நான்கு மூலைச் சந்தியில், ரொசாலியாவின் சிலை ஏன் இல்லை என்று ஒரு பிள்ளையும் கேட்டு நான் அறியேன். 1608இல் அதைக் கட்டத் தொடங்கியபோது அவள் இந்த நகரின் காவலாக இன்னும் வரவில்லை. அப்போது காவல் நான்கு கன்னியர்: கிறிஸ்தினா, நின்ஃபா, ஒலிவா, ஆகத்தா. மூலைக்கு ஒருத்தி உச்சியில் நிற்கிறாள். அவர்களுக்குக் கீழே ஸ்பானிய அரசர்கள், அதற்கும் கீழே நான்கு பருவங்கள், அடியில் பலெர்மோவின் நான்கு ஆறுகளைக் குறிக்கும் நீரூற்றுகள். பழைய நகரின் நான்கு வட்டாரங்களும் அந்தச் சந்தியில்தான் முட்டுகின்றன. கிறிஸ்தினா நம்முடையவள், அல்பெர்கெரியாவின் காவல். ஆறுகளில் ஒன்றான கெமோனியா நம் வட்டாரத்தின் ஓரமாக ஓடியது; இன்று நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் பெருகி அடித்ததால் அதற்குக் 'கெட்ட வானிலை ஆறு' என்றும் பெயர் இருந்தது.

நான்கு எட்டு வைத்தால் மாநகர சபை மாளிகை. அதற்குள் பலெர்மோவின் 'ஜேனியோ' இருக்கிறார்: முடி சூடிய தாடிக்காரக் கிழவர், அவர் மார்பில் பால் குடிக்கும் ஒரு பாம்பு. இந்த நகரத்தைக் காக்கும் பழைய சின்னம் அது. கீழே லத்தீனில் எழுதியிருப்பதன் பொருள், பலெர்மோ தன் மக்களை விழுங்குகிறது, அயலாரை ஊட்டி வளர்க்கிறது என்பது. முதல் பாதி இவ்வூர்க்காரரின் நெஞ்சைச் சுடும். வேலை தேடி வடக்கே போன பிள்ளைகளின் தாய்மார் பலரை நான் அறிவேன். இரண்டாம் பாதியைப் படித்த அன்று நான் அழுதேன். நம் பிள்ளைகளுக்கு இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பல்லாரோ என்ற பெயரைப் பற்றி அவர்கள் கேட்பார்கள். மொன்றியாலேக்குப் பக்கத்தில் இருந்த பல்ஹரா என்ற அரபுக்காலக் கிராமத்திலிருந்து வந்தது என்பதே பெரும்பாலானோர் சொல்வது. தக்கணத்து அரசர்களை அரபுப் பயணிகள் பல்ஹரா என்று அழைத்தார்கள், அங்கிருந்து வந்த வாசனைச் சரக்கை வைத்துச் சந்தைக்கு இந்தப் பெயர் வந்தது என்பாரும் உண்டு. கேட்க இனிக்கிறது. ஆனாலும் அதை நிச்சயமான வரலாறு என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

சந்தையின் நடுவில், மீன்காரரின் கூப்பாட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது கார்மினே கோயில். வண்ண ஓடு பதித்த அதன் குவிமாடத்தை நான்கு பூதாகாரமான சிலைகள் தாங்குகின்றன. காசா புரொஃபெசா என்ற கோயிலுக்குள் பல நிறப் பளிங்கை இழைத்த சுவர்கள். 1943இல் குண்டு விழுந்து குவிமாடம் இடிந்ததைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். போரில் இடிந்த கோயில்களைக் கண்ட நமக்கு அந்தச் சுவரருகில் பிள்ளைகளிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது ஒரு கல். காசா புரொஃபெசாவுக்குப் பக்கத்திலுள்ள சான் மிக்கேலே கோயிலுக்கு உரியது. இப்போது சீசா மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசவையில் குருவாக இருந்த கிரிசாந்தோ என்ற மகன், இறந்த தாய் அன்னாவை பெரிய கோயிலிலிருந்து எடுத்து, 1149இல் இங்கே அடக்கம் செய்து வைத்த கல். லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு விதமாக அம்மாவின் பெயர். ஒவ்வொன்றிலும் அவரவர் ஆண்டுக்கணக்கு. நகரில் யார் அந்த வழியால் வந்தாலும் தாயின் பெயரை வாசிக்க வேண்டும் என்று அந்த மகன் நினைத்திருக்கிறான். ஊரில் அம்மாவின் செத்த வீட்டுக்குப் போக முடியாமல் இங்கே இருந்து அழுதவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதே காலத்தில்தான் வட்டாரத்தின் மேற்கு முனையில் அரசர் இரண்டாம் ரொஜேரோவின் அரண்மனைக் கோயிலான காப்பெல்லா பாலத்தினா எழுந்தது. கிரேக்கரின் பொன் சில்லு ஓவியம், மேலே முஸ்லிம் கைவினைஞர் செதுக்கி எழுதிய மரக்கூரை. கொஞ்சம் தள்ளிச் சிவப்புக் குவிமாடங்களோடு சான் ஜொவான்னி கோயில். இரண்டும் 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். கட்ட முடியாத குடும்பம் இருந்தால் நாங்கள் சிலர் பங்கு போடுவோம்.

தமிழே தட்டுத்தடுமாறும் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று ஒரு ஆசிரியை கேட்டார். நியாயமான கவலை. ஆனால் பாடப்புத்தகத்துப் பனைமரத்தை அவர்கள் தொட்டதில்லை. குவிமாடம், தூண், நீரூற்று என்ற சொற்களை அவற்றின் முன்னால் நின்று சொன்னால் மறப்பார்களா? சைவப் பிள்ளைகளை வேதக் கோயிலுக்குள் கூட்டிப்போவதா என்று இன்னொருவர் கேட்டார். மலைக்கு ஏறும்போது அந்தக் கேள்வி வரவில்லையே, தம்பி.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, கிறிஸ்தினாவின் மூலையில் நீரூற்றுக்குப் பக்கத்தில் நிற்பேன். அன்று சந்தியிலிருந்து கார்மினே வரை மட்டும் நடப்போம். சின்னவர்களுக்கு அது போதும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். என் பேத்தியும் வருகிறாள். அந்த மூன்று வரிக் கட்டுரையைத் திருப்பி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அல்பெர்கெரியாவிலிருந்து ஓர் அம்மம்மா