நன்றி சொல்லும்போது பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்தவ சபைகளில் சாட்சி சொல்பவர்கள், அதாவது ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்பும் எடுத்துச் சொல்பவர்கள் பலர், "கர்த்தர் ஒருவரே செய்தார்" என்று முடித்துவிடுகிறோம். அதில் பொய் இல்லை. ஆனால் உதவிய மனிதரின் பெயர் அதில் காணாமல் போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

என் மனைவி அறுவை சிகிச்சைக்குப் பிறகு பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டார். அப்புறம் ஒரு ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். ஆண்டவருக்கும் போதகருக்கும் நன்றி சொன்னேன். அக்கா கடைசி வரிசையில்தான் இருந்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. மறதி என்று சொல்ல மாட்டேன். அவரிடம் கடன்பட்டவன் என்று எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சம். அது பெருமைதான்.

வேதாகமத்தில் வரும் அப்போஸ்தலன் பவுல் அப்படிச் செய்யவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 16ஆம் அதிகாரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெபேயாள் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகக் கழுத்தையே கொடுத்தவர்கள் என்கிறார். ரூபின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். எவ்வளவு பெரிய அப்போஸ்தலன்! பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவுக்குக்கூட அங்கே ஒரு வாழ்த்து சொல்ல இடம் கிடைத்திருக்கிறது. பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் வேகமாகத் தாண்டிப் போகும் பகுதி அது.

வருகிற ஞாயிறு இரண்டு நிமிடம் வேண்டும் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்