தேத்தண்ணீர் கறுத்த ஞாயிற்றுக்கிழமை: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்குக் கீழே நடந்த ரத்தசோகைப் பேச்சுக்கு இருபது பேர் வந்தாலே பெரிது என்று நினைத்துத்தான் நாற்காலி போட்டோம். கடைசியில் கல்மேசை மேலெல்லாம் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் நன்றி தாதி அக்காவுக்கு. இரவு வேலை முடித்து நேரே வந்தவர். புரொஜெக்டர் மக்கர் பண்ணியது (நல்லதாய்ப் போயிற்று, அந்தப் படங்களைச் செய்தது நான்). அவர் அலட்டிக்கொள்ளவில்லை. காப்பிக்கடையிலிருந்து ஒரு தே-ஓ (பால் சேர்க்காத தேத்தண்ணீர்) வாங்கி வரச் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணீர் மையாய்க் கறுத்தது. “தேயிலைத் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றுக்குள்ளும் இதே கதைதான். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிங்க” என்றார். சாப்பாடும் தேயுமாகவே வளர்ந்த எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

எனக்குக் கூடுதலாகவே தைத்தது. படிக்கிற காலத்தில் படியேறினால் மூச்சு வாங்கும்; சோம்பேறி என்றார்கள். ரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. இங்கே பெண்களுக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் இரும்புச் சத்துள்ள பொருள்) டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். எனக்கு 9.8.

மாதவிலக்கு என்ற சொல் வந்ததும் நாற்காலி அடுக்கிய தம்பிகள் மெல்ல நழுவப் பார்த்தார்கள். “உன் அக்காவுக்கும் இதுதானே, உட்கார்” என்றார் தாதி அக்கா. உட்கார்ந்தீர்கள், அதற்கே தனி நன்றி. மணிக்கொரு பேட் மாற்ற வேண்டியிருந்தால் அது ‘சும்மா அப்படித்தான்’ இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள்.

‘நானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?’ என்று கேட்ட தங்கைக்கும் நன்றி. சிலருக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கும். ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும், ஆனால் இரும்புக் குறையாக இருக்காது, சோதித்துவிட்டுத்தான் மாத்திரை என்ற பதில் அந்தக் கேள்வியால்தான் வந்தது.

தேக்கா சந்தைக் கீரைக்கார அண்ணன் முருங்கைக்கீரைக்குக் காசே வாங்கவில்லை. அதை வதக்கி எலுமிச்சை பிழிந்து கொடுத்தவர் எதிர்வீட்டு மாமி; புளிப்பு இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாய்ச் சேருமாம். மூன்றாம் மாடிப் பெரியம்மாவின் ஈரல் வறுவல் பத்து நிமிடத்தில் காலி. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று தாதி அக்கா என் தங்கச்சி தட்டை இழுத்து வைத்ததுதான் அன்றைய ஒரே சண்டை.

பெரியம்மா, உங்கள் நீல மூடி டப்பா என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டு வருகிறேன், கழுவித்தான்.

அன்புடன்,
ஏழாம் மாடியிலிருந்து