துக்கத்தின்மேல் துக்கம்: தங்கைக்கு ஒரு கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் உடல்நிலையை விசாரித்த ஒருவர், "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்றல்லவா வேதம் சொல்லுகிறது, விசுவாசி இப்படி அழலாமா?" என்று கேட்டதையும், குறை உன் விசுவாசத்தில்தானோ என்று அன்றிரவு முழுவதும் நீ உறங்காமல் கிடந்ததையும் தொலைபேசியில் சொன்னாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் காத்திருப்பவளிடம் பாதி வசனத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம் என்ற கோபம்தான் முதலில் வந்தது.

பாதி வசனம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "கர்த்தருக்குள்" என்ற சொல்லோடு தொடங்கும் அந்த வாக்கியம், பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதப்பட்ட கடிதமான பிலிப்பியர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அப்போது விலங்கு பூட்டப்பட்ட கைதி. இது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்பவரைப் பற்றி வருவதை நிதானமாக வாசித்துப் பார். பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துவந்த அந்த மனிதர் நோயுற்று மரணத்தின் விளிம்புவரை போய்விட்டார். அவர் பிழைத்ததைச் சொல்லும்போது, "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடிக்குத் தேவன் இரங்கினார் என்று பவுல் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். சந்தோஷமாயிருங்கள் என்று இருமுறை சொன்ன அதே கைதான், அம்மா, இதையும் எழுதியது. நண்பனின் படுக்கையருகே கலங்கியவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் சொல்வதில்லையே!

எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்க, அதாவது மனநிறைவோடிருக்க, "கற்றுக்கொண்டேன்" என்றும் அவர் சொல்லுகிறார். கற்றுக்கொண்டது என்றால், ஒரு காலத்தில் தெரியாமல் இருந்தது என்றுதானே பொருள்? பிலிப்பி பட்டணத்துச் சிறையிலேயே, அடிபட்ட முதுகோடும் தொழுமரம் என்னும் கட்டையில் மாட்டிய கால்களோடும் நடுராத்திரியில் உடன் ஊழியர் சீலாவுடன் பாடிய மனிதர் அவர்; அவரே இன்னும் கற்றுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

உன் வீட்டுக் கூடத்து நாட்காட்டியில், என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற வசனம் இருக்கிறது. அது 4-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனம். 14-ஆம் வசனத்தை எந்த நாட்காட்டியிலும் நான் பார்த்ததில்லை: ஆகிலும், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நலமாயிருக்கிறது என்று பவுல் அங்கே தொடர்கிறார். அக்காலத்துச் சிறைகளில் கைதியின் உணவுக்கும் உடைக்கும் பெரும்பாலும் உற்றாரும் நண்பர்களுமே பொறுப்பு. கிறிஸ்து தந்த பெலத்தைப் பற்றிப் பேசிய வாயாலேயே, வழி நடந்து வந்து சேர்ந்த அந்த உதவிக்கும் அவர் நன்றி சொன்னார். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை மறுக்கவில்லை.

நீயோ மறுக்கிறாய். சபையார் கொண்டுவந்த சாப்பாட்டை இருமுறை திருப்பி அனுப்பினாய் என்று அம்மா சொன்னார்கள். என்னையும் "வேண்டாம் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மூன்று மாதமாகத் தடுத்து வைத்திருக்கிறாய்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு உன் வீட்டு வாசலில் இருப்பேன். மாப்பிள்ளையை நான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். நீ அன்று தூங்கு. அழ வேண்டும் என்று தோன்றினால், அழு.

அன்புடன்,
உன் அண்ணன்