தகரம் பாடகியின் தொண்டையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், முதல் உலகப் போர்க்கால லண்டன் இசை நாடகங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'தி மெயிட் ஆஃப் தி மவுன்டன்ஸ்' நாடகத்தின் பாடல்களை இணையத்தில் கேட்ட கட்டுரையாளர், அதன் கதாநாயகி ஜோசே காலின்ஸின் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது, அந்தக் காலத்தில் குரல்வளம் அவ்வளவுதான் போலும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

கும்பகோணத்தில் ஆர்மோனியம் ரிப்பேரும் சுருதி சேர்ப்பதுமாக 35 வருஷம் பிழைத்தவன் நான். இப்போது மகள் வீட்டோடு லண்டன் ஈஸ்ட் ஹாமில். போன குளிர்காலத்தில் இங்கே ஒரு பழைய சாமான் கடையில் அந்த நாடகத்தில் காலின்ஸ் பாடிய 'லவ் வில் ஃபைண்ட் எ வே' பாட்டின் கொலம்பியா கம்பெனி இசைத்தட்டு 2 பவுண்டுக்குக் கிடைத்தது. போட்டுக் கேட்டதும் எனக்கும் ஏமாற்றம்தான். மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் நடை தூங்கி வழிந்தது. ஆர்மோனியத்தை எடுத்து வைத்தால் எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்று இழுத்தது. பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 80 சுற்று! என் பேரன் வாங்கித் தந்த ப்ளேயரோ 78-ல் ஓடுகிறது. இரண்டு சுற்றுதானே என்று தோன்றும். நூற்றுக்கு இரண்டரை குறைந்துபோகிறது. சுருதியில் அது அரைக் கட்டையில், அதாவது கறுப்பும் சேர்த்து ஆர்மோனியத்தின் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள இடைவெளியில், கிட்டத்தட்ட பாதி. ப்ளேயரின் ஓரத்தில் வேகத்தைக் கூட்ட ஒரு சின்னத் தள்ளுவிசை உண்டு. அதை மெல்லத் தள்ளத் தள்ள, பாட்டு ஆர்மோனியத்தோடு வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. இணையத்தில் நான் கேட்ட பிரதி அதே மந்த வேகத்தில்தான் ஓடுகிறது.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேறு. மைக் வைத்துப் பதிவு செய்வது 1925-ல்தான் வந்தது. அதற்கு முன் பாடகர் ஒரு கூம்பின் வாய்க்குள் பாட வேண்டும். அந்த அதிர்விலேயே ஊசி மெழுகில் கீறும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பின்னால் நகராவிட்டால் பதிவு கெட்டுவிடும். வயலின் எடுபடாது என்று கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசிப்பார்கள். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பதில் ட்யூபா என்ற பித்தளை ஊதுவாத்தியம். அடிநாதமும் உச்சநாதமும் கூம்புக்குள் ஏறவே ஏறாது. இத்தனையும் கழிந்து மிஞ்சியதைக் கேட்டுவிட்டுக் குரலை எடை போடலாமா? அதே அம்மாள் 1917 பிப்ரவரி 10-ல் டேலிஸ் தியேட்டரில் தொடங்கி, மைக் இல்லாமல், முழு ஆர்க்கெஸ்ட்ராவை மீறிப் பாடியவர். லண்டன்மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட வருஷம் அது. விடுப்பில் வந்த சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். நாடகம் 1,352 தடவை நடந்தது.

இரைச்சலை நீக்குகிறோம் என்று கம்ப்யூட்டரில் சீவித் தள்ளுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரைச்சலோடு 'ஸ', 'ஃப' எல்லாம் போய்விடும், மூச்சும் போய்விடும். எனக்கு ஊசியின் கரகரப்பே தேவலை.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: இந்த நாடகத்தை இயக்கிய ஆஸ்கர் ஆஷ் எழுதி நடித்த 'சூ சின் சோ' அதே சமயத்தில் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டரில் 2,238 காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கதை? 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்து நாம் பார்த்த அலிபாபாதான்! 'சூ சின் சோ'விலுள்ள செருப்புத் தைப்பவர் பாட்டைப் பீட்டர் டாசன் பாடிய தட்டைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும்போது, எந்த வேகத்தில் பிரதி எடுத்தது என்று குறிப்பிட்டிருப்பவற்றை முதலில் போடுங்கள். லேபிளின் படம் வேண்டுமானால் பேரனிடம் சொல்லி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்மோனியம் ரிப்பேர்க்காரன்,
ஈஸ்ட் ஹாம், லண்டன்