திரும்பும் இடத்தில் அரளி வேண்டாம்

ஐயா,

நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி நடுவது பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க அந்தச் செடி வேண்டும், சரி. ஆனால் வண்டிகள் திரும்பும் இடைவெளி வரைக்கும் அதே உயரத்தில் வளர விடுவது உயிருக்கு ஆபத்து. 80 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் நிற்பதற்கு 120 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது, நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறை. ஓட்டுநர் சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஒதுக்கும் இரண்டரை விநாடியிலேயே வண்டி 55 மீட்டர் ஓடிவிடும்.

எங்கள் ஊர்ப் பிரிவில் அரளி ஆளுயரம் நிற்கிறது. பேருந்து வருகிறதா என்று பார்க்கவே முன்சக்கரத்தைச் சாலைக்குள் நீட்டியாக வேண்டும். போன மாதம் அப்படி எட்டிப் பார்த்த என் அண்ணன் மகனின் மொபெட்டை ஒரு வேன் உரசிச் சென்றது. கேன் உருண்டு, பால் முழுவதும் தாரில் ஓடியது. பிள்ளை பிழைத்தது தெய்வச்செயல். ஒவ்வொரு இடைவெளியின் இருபுறமும் 120 மீட்டருக்கு அரளியை எடுத்துவிட்டு, முழங்காலுக்கு மேல் வளராத செடிகளை நட வேண்டும். அதுவரை, இருப்பதை மாதம் ஒருமுறை மட்டமாக வெட்டிவிடட்டும்.

ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்