மூன்றோடு நிறுத்தச் சொன்ன ஆசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். இங்கு நலம், தங்கள் நலமறிய ஆவல்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவல் வரிசையை முதல் மூன்று நூல்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பிறகு அவர் எழுதிச் சேர்த்தவற்றைத் தொடவே கூடாது என்று பள்ளி நாட்களில் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தச் சொல்லை நெடுங்காலம் மீறாமல் இருந்தேன். இந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து, மலைப்பாதையில் மண் சரிந்து, கொடைக்கானலை விட்டுக் கீழே இறங்க வழியில்லாமல் போனபோது, ஏழு நூல்களையும் அவை வெளிவந்த வரிசையிலேயே படித்து முடித்தேன். தங்கள் தீர்ப்பில் பெரும்பகுதியை இன்றும் ஏற்கிறேன். ஒரு பகுதியை மறுக்கிறேன். மறுப்பதைத் தங்களிடமே சொல்வதுதான் முறை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

1941இல் இந்தக் கதையைத் தொடங்கியபோது அசிமோவுக்கு வயது 21. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவர். வாயுவின் ஒரு மூலக்கூறு அடுத்த நொடி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்த வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் என்ற பாடத்தை அவர் மனித குலத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அதன் விளைவுதான், கதையில் வரும் கணித மேதை ஹாரி செல்டனின் சைக்கோஹிஸ்டரி, அதாவது பெருங்கூட்டத்தின் வருங்காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் அறிவியல். பன்னிரண்டாயிரம் ஆண்டு பழைய விண்மீன் பேரரசு விழப்போகிறது, அதைத் தடுக்க முடியாது, ஆனால் அதன்பின் வரும் 30,000 ஆண்டு இருளை 1,000 ஆண்டாகச் சுருக்கலாம் என்று செல்டன் கணக்குப் போடுகிறார். அதற்காக டெர்மினஸ் என்ற ஓரக் கோளில் அவர் அமைக்கும் குடியிருப்புதான் ஃபவுண்டேஷன்; இரண்டாவது ஒன்றை மறைவாக வைக்கிறார். இந்த இடத்தை விளக்குவதற்காகத் தாங்கள் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டச் சொல்லி, பூ விழுந்ததையும் தலை விழுந்ததையும் கரும்பலகையில் கோடு கோடாகக் குறித்துக்கொண்டே போனீர்கள். முதல் வரிசைப் பையன்களுக்குத் தொடர்ந்து தலையே விழுந்தபோது நாங்கள் கூச்சல் போட்டோம். கடைசி வரிசை முடிவதற்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. "உங்களில் ஒருத்தனையும் எனக்குத் தெரியாது, ஆனால் வகுப்பைத் தெரியும்" என்றீர்கள். அந்த வாக்கியத்தோடுதான் நான் முதல் நூலுக்குள் போனேன்.

அதே ஆண்டு எங்களைச் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போனதும் இந்த வாசிப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சென்னை மாகாணத்தைப் பஞ்சங்கள் வாட்டிய பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்து, 1899இல் இந்த மலையில் ஆய்வகம் அமைந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். மழையை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நினைத்தபடி நிறைவேறவில்லை; ஆனால் வானம் தெளிந்த நாட்களிலெல்லாம் சூரியனைப் படமெடுத்துவைக்கும் வேலை தலைமுறை தலைமுறையாகக் கைமாறி நூறாண்டுகளைத் தாண்டிவிட்டது. கண்ணாடித் தகடுகளில் பதிந்த பழைய படங்களைத் தொடங்கியவர்கள் அவற்றின் முழுப் பயனைப் பார்க்கவில்லை. செல்டனின் திட்டம் எனக்கு ஒருபோதும் வெறும் கற்பனையாகத் தோன்றாததற்கு அந்தக் கட்டடம்தான் காரணம்.

இனி மறுப்புக்கு வருகிறேன். பின்னால் வந்த நூல்கள் நல்ல கருத்தைக் கெடுத்துவிட்டன என்பது தங்கள் கட்சி. கருத்தை முதலில் உடைத்தவர் பிற்கால அசிமோவ் அல்லர், 1945இலேயே, இரண்டாம் நூலில் இடம்பெறும் 'தி மியூல்' கதையை எழுதிய இளைஞர் என்பது என் கட்சி. செல்டன் முன்பே பதிந்துவைத்த பேச்சு குறித்த காலங்களில் தோன்றும் காலப் பெட்டகத்தின் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். எதிரியான மியூலின் படை நெருங்கிவிட்டது. டெர்மினஸின் ஆட்சியாளர்கள் செல்டனின் வாக்குக்காகக் கூடியிருக்கிறார்கள். என்றோ இறந்துபோன அந்தக் கிழவர் சக்கர நாற்காலியில் உருவொளியாகத் தோன்றி, அமைதியான குரலில், சுயேச்சை வணிகர்கள் ஃபவுண்டேஷனுக்கு எதிராகக் கிளம்பிய உள்நாட்டுக் கலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அப்படி ஒரு கலகமே வெடிக்கவில்லை. அவர் வேறு ஏதோ ஒரு வரலாற்றுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது கேட்பவர்களுக்கு மெல்லப் புரிகிறது. பிறகு அணுசக்தியால் ஓடும் கடிகாரங்கள் நிற்கின்றன. ஒரு கணித மேதை தவறுவதை இவ்வளவு மரியாதையோடும் இவ்வளவு அச்சத்தோடும் காட்டிய பக்கங்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அந்தத் தவற்றிலிருந்து திட்டத்தைக் காப்பாற்றுவதும் கணக்கு அன்று. பிறர் மனத்தை விரும்பியபடி வளைக்க வல்ல மியூல், பேய்ட்டா என்ற பெண்ணின் மனத்தை மட்டும் தொடாமல் விடுகிறான். கோமாளி வேடத்தில் இருந்த தன்னிடம் அவள் யாரும் தூண்டாமல், தானாகவே அன்பு காட்டினாள் என்பதால். தொடப்படாத அந்த மனம்தான் உண்மையைக் கண்டுகொள்கிறது. இரண்டாம் ஃபவுண்டேஷன் இருக்கும் இடத்தை அறிஞர் எப்லிங் மிஸ் மியூலின் காதுபடச் சொல்ல வாயெடுக்கும் நொடியில், தனக்கு நண்பரான அந்த முதியவரையே அவள் சுட்டுவிடுகிறாள். வகுப்பை மட்டும் தெரிந்தால் போதும் என்று இரண்டாம் நூலுக்குப் பிறகு சொல்ல முடியுமா, ஐயா? சிறுவனாக இருந்தபோது மியூல் யார் என்ற புதிரில்தான் என் கவனம் முழுவதும் போயிற்று. இப்போது புதிர் முன்பே தெரிந்திருப்பதால், கோமாளியிடம் பேய்ட்டா பரிவோடு பேசும் ஒவ்வொரு சிறு இடமும் கனக்கிறது.

1982இல், மூன்றாம் நூலுக்கு 29 ஆண்டுகள் கழித்து வந்த 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' இந்த உடைப்பிலிருந்துதான் நேரடியாகக் கிளம்புகிறது. ஃபவுண்டேஷனின் 498ஆம் ஆண்டில் செல்டன் மறுபடி தோன்றுகிறார். சொன்னதெல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. எல்லாரும் மகிழும்போது கோலன் ட்ரெவைஸ் என்ற இளம் ஆட்சி மன்ற உறுப்பினர் மட்டும் அஞ்சுகிறான். மியூல் அவ்வளவு குலைத்த பிறகு கணக்கு எப்படி இம்மி பிசகாமல் விழும்? யாரோ திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடப் பதிவேட்டில் விடை மிகச் சரியாக வந்திருந்தால் "யாரைப் பார்த்து எழுதினாய்?" என்று கேட்கும் தாங்கள், இந்தத் தொடக்க அத்தியாயங்களைப் படிக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதற்கு அசிமோவ் தந்த விடைதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த இடத்தில் தங்கள் பக்கமே நிற்கிறேன். உயிர்களும் கற்களும் ஒரே மனமாக இணைந்த கையா என்ற கோள் வருகிறது. 1986இல் வந்த 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்' நூலின் முடிவில், 20,000 ஆண்டு வாழ்ந்த டேனீல் என்ற ரோபோ நிலவில் அமர்ந்து எல்லாவற்றையும் வழிநடத்தியது தெரிகிறது. தன்னுடைய ரோபோக் கதைகளையும் பேரரசுக் கதைகளையும் ஒரே உலகமாகத் தைத்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்திருக்கிறது. ஆனால் திரைக்குப் பின்னால் நல்லெண்ணம் கொண்ட ஒரு காவலன் இருந்தான் என்றானதும், பஞ்சத்துக்கும் போருக்கும் வணிகத்துக்கும் இடையே மனிதர்கள் தாங்களே தட்டுத் தடுமாறி எழுந்தார்கள் என்ற பெருமிதம் போய்விடுகிறது. முதல் நூலில் டெர்மினஸ் மேயர் சால்வர் ஹார்டினின் சாதுரியத்தைப் படித்து நாம் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு ஒரு பொருள் இருந்தது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனினும் அதே நூலின் கடைசிப் பக்கங்களில் ஒரு வைரம் கிடக்கிறது. சைக்கோஹிஸ்டரி செல்லுபடியாக மக்கள் தொகை மிகப் பெரிதாக இருக்க வேண்டும், கணிப்பு அவர்களுக்குத் தெரியக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது ஒன்று இருப்பதை ட்ரெவைஸ் கண்டுகொள்கிறான்: விண்மீன் மண்டலத்தில் அறிவுள்ள இனம் மனித இனம் ஒன்றே. இது எல்லாரும் நம்பி, அதனாலேயே யாரும் எழுதிவைக்காத நிபந்தனை. ஒரு தேற்றத்தின் மறைந்த எடுகோளை இப்படி நாவலின் உச்சமாக வைத்தவர்கள் அரிது.

1988இன் 'பிரிலூட் டு ஃபவுண்டேஷன்' இளம் செல்டனைப் பேரரசின் தலைநகரக் கோளான டிராண்டர் முழுக்க ஓடவைக்கிறது, தவறவிட்டால் இழப்பில்லை. 'ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்' அப்படி அன்று. அசிமோவ் 1992 ஏப்ரலில் மறைந்தார். இது 1993இல் வந்தது. தம் கடைசிக் காலத்தில் எழுதிய இந்நூலில் அவர் செல்டனை முதுமையடையச் செய்கிறார். மனைவி டோர்ஸ், உடனுழைத்த யூகோ, வளர்ப்பு மகன் ரேய்ச் என்று ஒவ்வொருவராகப் போகிறார்கள். பணம் கிடைப்பதில்லை, மதிப்பும் குறைகிறது. ஒருத்தரையும் தெரியாது, வகுப்பைத்தான் தெரியும் என்ற அறிவியலை உண்டாக்கியவர், ஒருவர் பின் ஒருவராக ஒவ்வொருத்தரையும் இழந்து, தம் சமன்பாடுகளைக் காட்டும் பிரைம் ரேடியன்ட் கருவியைக் கையில் பிடித்தபடி மேசை மேலேயே இறந்துபோகிறார். காலப் பெட்டகத்தில் தோன்றும் உருவத்தின் அமைதி எவ்வளவு விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பது இதைப் படித்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

பாதை திறந்துவிட்டதால் நான்காம், ஐந்தாம், ஏழாம் நூல்களைப் பார்சலில் தங்கள் திண்டுக்கல் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். படிக்கும்போது ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டுகிறேன். கணிப்பின் உள்ளடக்கம் மக்களுக்குத் தெரியக் கூடாது என்கிறார் செல்டன். ஆனால் திட்டம் என்று ஒன்று இருப்பதும், தாங்கள்தான் கடைசியில் வெல்லப்போகிறவர்கள் என்பதும் டெர்மினஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டாவது நிபந்தனை செல்லுமா, அல்லது முதல் பெட்டகத் தோற்றத்திலேயே அது முறிந்துவிடுகிறதா? கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இதற்கு விடை சொல்லக் கேட்க வேண்டும்.

தங்கள் மாணவன்,
கொடைக்கானல்