சலான் கட்டைப் பத்திரமாக வை

திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்தி தறிச் சத்தத்திலேயே தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மகன் கட்டிங் டேபிளை முழுசாகப் பார்த்துக்கொள்கிறான்.

கடைசியில் நீ எழுதிய நாலு வரிதான் மனதை உறுத்துகிறது. துண்டுச் சரக்கு எடுத்தவர் அக்ரிமென்ட்டில் கையெழுத்தே போடவில்லை, பாக்கிப் பணத்தைக் கேட்க வழியில்லை, போனது போகட்டும் என்கிறாய். அப்படி விட்டுவிடாதே.

போன வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. ஒரு கம்பெனிக்கு 4,000 பனியன் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் டைப் செய்து அனுப்பிய ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர்கள் பக்கம் கடைசிவரை காலிதான். பணம் கேட்டபோது, "அக்ரிமென்ட்டே ஆகலையே" என்றார்கள். ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

வக்கீலிடம் போனேன். அவர் அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் போனை வாங்கி வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே போனார். "ரேட் ஓகே, கட்டிங் ஆரம்பிச்சிடுங்க" என்ற வரி வந்ததும் நிறுத்தினார். அப்புறம் சரக்கோடு போன டெலிவரி சலானைப் பார்த்தார். அவர்கள் கேட் சீலும், ஸ்டோர்ஸ் பையன் பச்சை மையில் போட்ட கிறுக்கலும் அதில் இருந்தன. என் பில்லை வைத்து ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்தீர்களா, அதாவது அந்த வரியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டீர்களா, இல்லையா என்று நோட்டீஸிலேயே கேட்டு எழுதினார். கழித்திருந்தால் சரக்கு வாங்கியதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. மூன்றாவது வாரம் முக்கால்வாசிப் பணம் வந்தது. மீதி இரண்டு தவணையில் வந்துவிட்டது.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் பொதுவாகக் கையெழுத்தைக் கேட்பதில்லையாம். இருவரும் மனமொத்துப் பேசி, அதன்படி நடந்திருந்தால் போதும். வக்கீல் சொன்ன ஒரு வழக்கு உனக்குப் பிடிக்கும். 2007 அக்டோபரில், துபாய் டிரைமெக்ஸ் நிறுவனம் வேதாந்தா அலுமினியத்துக்கு 5 கப்பல் பாக்சைட் (அலுமினியத் தாது) தருவதாக ஈமெயில் அனுப்பியது. 5 கப்பலுக்கும் சரி என்று பதில் வந்தது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. பேசி முடிந்த ஒப்பந்தம், பிறகு காகிதத்தில் கையெழுத்தாகாததால் இல்லாமல் போகாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் யார் தெரியுமா? நம் பவானிப் பக்கத்துக் காடப்பநல்லூர்க்காரர், நீதிபதி சதாசிவம்!

எல்லாவற்றுக்கும் இது ஓடாது. நிலம் வாங்கினால் பத்திரம் பதிவாக வேண்டும். கையெழுத்தில்லாத புரோநோட்டு வெறும் காகிதம். விலையும் எண்ணிக்கையும் இழுபறியிலேயே நின்றிருந்தாலோ, கையெழுத்தான பிறகுதான் செல்லும் என்று முதலிலேயே பேசியிருந்தாலோ கஷ்டம்தான். உன் விஷயம் அப்படியில்லை. ரேட் பேசியாயிற்று, சரக்கு இறங்கியாயிற்று, முதல் பில்லுக்குப் பணமும் வாங்கியிருக்கிறாய்.

இன்னொன்று. நீ உத்யம் பதிவு, அதாவது சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு, முன்பே செய்தவன். 2006-ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் கெடு இல்லையென்றால் சரக்கை ஏற்று 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தாமதித்தால் வட்டியும் சேரும். கையெழுத்தே இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அவருடைய கெடுதான் சுருங்குகிறது.

வழக்குப் போட சரக்குப் போன நாளிலிருந்து 3 வருடம் உண்டு, ஆனால் ஆறப்போடாதே. அந்தப் பழைய போனை மாற்றாதே, ஒரு மெசேஜையும் அழிக்காதே. கோர்ட்டுக்குப் போனால் அதற்கு முறைப்படி சான்று கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த ஞாயிறு சலான் கட்டோடு வந்துவிடு. வக்கீல் காலையில் வீட்டில்தான் இருப்பார், நானே கூட்டிப்போகிறேன். தங்கச்சியையும் பேத்தியையும் அழைத்து வா. மதியச் சாப்பாடு நம் வீட்டில்.

உன்
பழனிச்சாமி